இழுக்கும் வலிவும் தாங்கும் வலிவும்

1947ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எடுக்கப்பெற்ற நிழற்படம் ஒன்று உண்டு. ஆல்பிரட் லெட்டூர்னர் என்னும் பிரெஞ்சு மிதிவண்டி வீரர், அலுமினியத் தகட்டால் அமைந்த ஏர்ஸ்ட்ரீம் பயண வீடு ஒன்றைத் தம் மிதிவண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்கிறார். மனிதக் கால்களே இழுக்குமளவுக்கு எளிதாய் உருளும் வீடு என்று காட்டுவதற்காக எடுக்கப்பெற்ற விளம்பரப் படம் அது. அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2012 அக்டோபர் 12ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மக்கள் வேறொரு காட்சியைக் கண்டனர். ஓய்வுபெற்ற எண்டெவர் விண்கலத்தை அறிவியல் காட்சியகத்திற்கு எடுத்துச் சென்ற வழியில், 405ஆம் நெடுஞ்சாலைக்கு மேலுள்ள பாலத்தை அது கடந்தபோது, அதனை இழுத்துச் சென்றது டொயோட்டா டன்ட்ரா என்னும் அரை டன் வகுப்புப் பிக்கப் லாரி. விண்கலமும் அதன் சக்கரப் பீடமும் சேர்ந்து ஏறத்தாழ 292,000 பவுண்டு எடை.

இரண்டு காட்சிகளும் உண்மையே. சமதரையில், மெதுவாக, நல்ல சக்கரங்களின் மேல் நிற்கும் பொருளை உருட்டுவதற்குப் பெருவலிமை தேவையில்லை. ஆனால் மணிக்கு அறுபது மைல் வேகத்தில், மலைச்சரிவில், குறுக்குக் காற்று வீசும் வேளையில், மனைவி மக்களோடு செல்லும் ஒருவருக்கு இவ்விரு படங்களும் எதனையும் கற்பிப்பதில்லை. இழுப்பது எளிது, தாங்குவதும் நேரே செலுத்துவதும் நிறுத்துவதுமே அரியவை. இந்தச் சிறு உண்மையை அமெரிக்க மக்கள் அறிந்து ஒழுங்குபடுத்துவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது.

பயண டிரெய்லர் என்பது எஞ்சின் இல்லாத வீடு. அதன் அச்சு நடுவிற்குச் சற்றுப் பின்னே அமைந்திருக்கும். ஆதலால் அதன் எடையில் ஒரு பகுதி முன்னே உள்ள கொக்கியின் வழியாக இழுக்கும் வண்டியின் மீது அமர்கிறது. மாட்டு வண்டி ஓட்டியவர்க்கு இது புதிய செய்தியன்று. பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பி மாட்டின் கழுத்தை இறுக்கும். முன்பாரம் மிகுந்தால் மாடு தலை கவிழ்ந்து நடக்கும். வண்டிக்காரர் மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்த பிறகே வண்டியைக் கிளப்புவார். மயிற்பீலி ஏற்றிய வண்டியை வைத்தே வலியறிதலை விளக்கிய மொழிக்கு இதற்குரிய சொற்கள் கைவசம் உள்ளன. கொக்கியில் அமரும் எடையை முன்பாரம் என்றே இங்குக் கூறலாம். டிரெய்லரின் மொத்த எடையில் அது நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு இருத்தல் வேண்டும் என்பது இத்துறையின் அடிப்படை விதி.

தொடக்க காலத்தில் இவ்விதியைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1919இல் புளோரிடா மாநிலத்துத் தம்பா நகரில் கூடிய ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்னும் பயணிகள் சங்கத்தார், கூடாரங்களையும் வீட்டில் தட்டிக்கொட்டிய சிறு வண்டிகளையும் ஃபோர்டு கார்களில் கட்டிக்கொண்டு வந்தவர்கள். வண்டியும் சிறிது, சாலையும் கரடுமுரடு, வேகமும் குறைவு. தவறு செய்தாலும் பிழைத்துக்கொள்ள இடமிருந்தது.

டெட்ராய்ட் நகரத்து ஆர்தர் ஷெர்மன் நுண்ணுயிரியல் அறிஞர். கடையில் வாங்கிய கூடார வண்டி முதற்பயணத்திலேயே மழையில் நனைத்துவிட்டது என்று சினந்து, மரப்பலகையால் பெட்டி போன்ற வீடொன்றைத் தாமே செய்வித்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘கவர்ட் வேகன்’, அதாவது கூண்டு வண்டி. 1930இல் டெட்ராய்ட் மோட்டார் கண்காட்சியில் அதனை வைத்தார். 1936க்குள் அவருடைய நிறுவனமே அந்நாட்டின் மிகப்பெரிய டிரெய்லர் உற்பத்தியாளராயிற்று. இருபது ஆண்டுகளில் அமெரிக்கரில் பாதிப்பேர் டிரெய்லர்களில்தான் குடியிருப்பர் என்று ரோஜர் பாப்சன் என்னும் பொருளியல் கணிப்பாளர் ஆரூடம் கூறினார். ஆரூடம் பொய்த்தது, ஆயினும் அந்நாளைய வேட்கையின் அளவை அது காட்டுகிறது.

அதே காலத்தில் விமானத் துறையினர் சிலர் இவ்வண்டியை வேறு கண்ணோடு நோக்கினர். காற்றையும் எடையையும் கணக்கிட்டுப் பழகியவர்கள் அவர்கள். விமான முன்னோடியான கிளென் கர்ட்டிஸ் 1920களின் இறுதியில் அமைத்த ‘ஏரோகார்’, காரின் பின்முனையில் தொங்காமல் பின்னச்சுக்கு மேலேயே தன் முன்பாரத்தை இறக்கியது. காற்றடைத்த சக்கரம் ஒன்றைக் கிடையாக வைத்து அதனையே இணைப்பாக்கினார் அவர். லிண்ட்பெர்க் அட்லாண்டிக் கடலைக் கடந்த விமானத்தின் கட்டுமானத்தில் பங்குகொண்ட ஹாலி பவுலஸ், 1934இல் அலுமினியப் பயண வீட்டைச் செய்தார். வாலி பயாம் 1936இல் வெளியிட்ட ஏர்ஸ்ட்ரீம் ‘கிளிப்பர்’ அதன் வழிவந்ததே. எடையைக் குறைத்தலும் காற்றுக்கு வழிவிடுதலும் எஞ்சினைப் பெரிதாக்குவதைவிட மேலானவை என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர். சந்தையில் வென்றதோ பெட்டி வடிவமே. பெட்டியில் அலமாரி மிகுதியாக வைக்கலாம் அல்லவா?

போருக்குப் பின் டிரெய்லர்கள் நீண்டன. முன்பாரம் மிகுந்து காரின் பின்புறம் தாழ்ந்தது, முன்புறம் உயர்ந்தது. முன்சக்கரங்கள் தரையை உறுதியாகப் பற்றாவிடில் திருப்பவும் இயலாது, நிறுத்தவும் இயலாது. இதற்கு மருந்தாக 1950களில் பரவியது எடையைப் பகிரும் கொக்கி. கொக்கியிலிருந்து பின்னோக்கி நீளும் இரண்டு வலுவான வில்கம்பிகளைச் சங்கிலியால் டிரெய்லரின் சட்டத்தோடு இழுத்துக் கட்டுவர். அக்கம்பிகள் நெம்புகோலாகச் செயற்பட்டு, பின்னச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பங்கை முன்சக்கரங்களுக்கும், இன்னொரு பங்கை டிரெய்லரின் சக்கரங்களுக்கும் அனுப்பிவிடும். எளிய கருவி, ஆனால் பல குடும்பங்களின் உயிரைக் காத்த கருவி. அது பாரத்தைப் பகிருமேயன்றிக் குறைக்காது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

1954இல் வெளிவந்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ என்னும் நகைச்சுவைத் திரைப்படம் இக்காலத்தின் ஆவணம் எனத்தக்கது. லூசில் பாலும் டெசி ஆர்னாசும் நடித்த அப்படத்தில், புதுமணப்பெண் செல்லுமிடந்தோறும் அழகிய கற்களைப் பொறுக்கி டிரெய்லரில் சேர்க்கிறாள். மலையேறுமுன் அவற்றை எறிந்துவிடச் சொல்கிறான் கணவன். அவள் எறியாமல் ஒளித்து வைக்கிறாள். பார்த்தவர்கள் சிரித்தனர். எனினும், தாம் சிறுகச் சிறுகச் சேர்க்கும் எடையை எவரும் எடையாகக் கருதுவதில்லை என்ற உண்மையை இதைவிடத் தெளிவாகச் சொன்ன பாடநூல் இல்லை எனலாம்.

அந்நாளில் இழுத்தவை பெரும்பாலும் பெரிய கார்களே. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி அந்நிலையை மாற்றியது. கார்கள் சிறுத்தன; கனத்த இரும்புச் சட்டங்கள் மறைந்தன. சட்டத்தின் மீது அமர்ந்த உடலும் பின்சக்கர இயக்கமும் பிக்கப் லாரிகளிலேயே நிலைத்தன. பண்ணையில் வைக்கோல் ஏற்றிய வண்டி, குடும்ப வண்டியாயிற்று. இங்குதான் ‘அரை டன்’ என்னும் பெயர் குழப்பம் விளைக்கத் தொடங்கியது. 1948இல் ஃபோர்டு எஃப்-1 என வெளிவந்த வரிசையில் அரை டன் என்றால் ஏறத்தாழ 1,000 பவுண்டு சுமை ஏற்றத்தக்க லாரி என்பது பொருள். 1975இல் எஃப்-150 வந்ததற்குக் காரணமே, 6,000 பவுண்டுக்கு மேற்பட்ட மொத்த எடை வகுப்பில் நின்று, அந்நாளைய புகை விதிகளிலிருந்து விலகிக்கொள்வதுதான். பிறகு அரை டன் என்பது எடையைக் குறிக்காத வெறும் இடுகுறிப் பெயராயிற்று. இந்நாளைய அரை டன் லாரிகள் பலவும் 1,300 பவுண்டு முதல் 2,000 பவுண்டு வரை தாங்குவன. இழுக்கும் அளவோ சிலவற்றில் 13,000 பவுண்டுக்கும் மேல் என்று விளம்பரத்தில் காணப்படும்.

அவ்விளம்பர எண்ணை நீண்ட காலம் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படியே வகுத்துக்கொண்டது. போட்டியாளர் ஓர் எண்ணைச் சொன்னால் மறு ஆண்டு அதனினும் பெரிய எண் தோன்றும். 2008இல் மோட்டார்ப் பொறியாளர் சங்கம் ஜே2807 என்னும் பொதுத்தரத்தை வெளியிட்டது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுக்கு அருகிலுள்ள 11.4 மைல் நீள ஏற்றத்தில், நூறு பாரன்ஹீட் பாகை வெயிலில், குளிரூட்டி முழுமையாக இயங்க, மணிக்கு நாற்பது மைலுக்குக் குறையாமல் ஏற வேண்டும் என்பது அதன் தேர்வுகளில் ஒன்று. முதலில் ஏற்றது டொயோட்டா. அதன் 2011ஆம் ஆண்டு லாரிகளின் எண்கள் சில நூறு பவுண்டு தாழ்ந்தன. மற்ற பெருநிறுவனங்கள் 2015க்குள் வந்து சேர்ந்தன. அத்தரம் வண்டியில் 150 பவுண்டு எடையுள்ள இருவர் மட்டுமே அமர்ந்திருப்பதாகவும், முன்பாரம் நூற்றுக்குப் பத்து எனவும் கொள்கிறது. குடும்பமோ நால்வர்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். வெறும் டிரெய்லர் 6,000 பவுண்டு. நாற்பது கேலன் தண்ணீர் 330 பவுண்டு. எரிவாயு உருளைகள் நூறு. பாத்திரம், படுக்கை, உணவு, கருவிகள் எண்ணூறு. ஆக 7,200 பவுண்டுக்குச் சற்று மேல். 10,000 பவுண்டு இழுக்கும் லாரிக்கு இது எளிது என்று தோன்றும். ஆனால் முன்பாரம் நூற்றுக்குப் பதின்மூன்று என்றால் 936 பவுண்டு. கொக்கியின் எடை ஒரு நூறு. லாரி தாங்கும் அளவு 1,500 எனில், எஞ்சுவது 464. ஓட்டுநரையும் சேர்த்து நால்வர் 600 பவுண்டு இருந்தால், லாரியின் பின்தட்டில் ஒரு நாற்காலியும் ஏற்றுமுன்பே எல்லை கடந்தாயிற்று. இழுக்கும் எல்லைக்குப் பல காதம் முன்பே தாங்கும் எல்லை வந்துவிடுகிறது.

தாங்கும் எண்ணை விளம்பரத்தில் தேடுவது வீண். அது ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டிய சிறு தாளில் இருக்கிறது. ஆட்களும் பொருள்களும் சேர்ந்து இத்தனை பவுண்டை ஒருபோதும் மிஞ்சலாகாது என்று அந்தத் தாள் கூறும். ஒரே வகை லாரியாயினும் தோல் இருக்கை, கூரைக் கண்ணாடி முதலியன கூடக்கூட அவ்வெண் குறையும். விலை மிகுந்த லாரி குறைவாகத் தாங்குவது இதனாலேயே.

முன்பாரத்திற்கு அஞ்சிச் சிலர் பொருள்களை டிரெய்லரின் பின்புறம் அடுக்குகின்றனர். இது முன்னதைவிடக் கொடியது. பின்பாரம் மிகுந்த டிரெய்லர் பக்கவாட்டில் ஊசலாடும். குறைந்த வேகத்தில் அவ்வூசல் தானே அடங்கும். வேகம் கூடக்கூட அடங்கும் தன்மை குறையும். ஒரு வேகத்தைத் தாண்டியபின் ஒவ்வோர் அசைவும் முன்னதைவிடப் பெரிதாகி, லாரியையே திருப்பிவிடும். பெரிய லாரி ஒன்று கடந்து செல்லும் காற்றே தொடக்கமாக அமையலாம். அவ்வேளையில் ஓட்டுநரின் கை தானாகவே ஸ்டியரிங்கை எதிர்ப்புறம் வெட்டித் திருப்பும். அந்தத் திருப்பம் பிந்தி வந்து ஊசலை வளர்க்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, முடுக்கி மிதியிலிருந்து காலை எடுத்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்குவதே முறை. பின்னாலுள்ளது பின்னோக்கி இழுக்கும்போது இரண்டும் நேர்க்கோட்டில் நிற்கும். கலிபோர்னியாவில் எதனையும் இழுத்துச் செல்லும் வண்டிகளுக்கு 55 மைல் எல்லை விதித்திருப்பது இதனை நோக்கப் பொருத்தமே.

டிரெய்லருக்குத் தனி மின் பிரேக் 1930களிலேயே வந்துவிட்டது. 3,000 பவுண்டுக்கு மேற்பட்டவற்றுக்கு அது கட்டாயம் என்பது இன்று பல மாநிலங்களின் சட்டம். இணைப்பு அறுந்தால் ஒரு சிறு கம்பி இழுபட்டு, டிரெய்லரின் மின்கலமே அதன் பிரேக்கைப் பிடிக்கச் செய்யும் ஏற்பாடும் உண்டு. 2009ஆம் ஆண்டு எஃப்-150இல் ஊசலை உணர்ந்து சக்கரங்களைத் தனித்தனியே தடுக்கும் மின்னணுக் கருவி இடம்பெற்றது. நல்ல துணை அது. எனினும் தவறாக அடுக்கிய மூட்டையை அக்கருவி எழுந்து சென்று நகர்த்தி வைப்பதில்லை.

பழகிய பயணிகள் புறப்பட்ட முதல் நாளே நெடுஞ்சாலையோரத்து எடை மேடையில் நிறுத்துகின்றனர். சரக்கு லாரிகளுக்கென அமைந்த மேடை அது. சிறு தொகை கொடுத்தால் எவரும் ஏறலாம். குடும்பத்தோடும் டிரெய்லரோடும் ஒரு முறை, டிரெய்லரைக் கழற்றிவிட்டு மறுமுறை. முன்னச்சு, பின்னச்சு, டிரெய்லரின் அச்சு என மூன்று எண்கள் அச்சிட்ட தாள் கைக்கு வரும். அதனைக் கதவோரத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பாதியை வடித்துவிடுவோரும், பிள்ளைகளின் மிதிவண்டிகளை இறக்கி உறவினர் வீட்டில் வைத்துவிட்டு வருவோரும் உண்டு.