டஸ்ட்: வரைபடத்தில் இல்லாத ஒரு நகரத்தின் வரலாறு

மஞ்சள் படிந்த மணற்கல் சுவர்கள், வளைவு வாயில்கள், தெருவோரம் அடுக்கிய மரப்பெட்டிகள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் பல இலட்சம் பேர் இந்த நகரத்தின் தெருக்களில் ஓடியிருக்கிறார்கள். எந்தத் திருப்பத்தில் எதிரி பதுங்குவார், எந்தக் கதவிடுக்கின் வழியே தோட்டா பாயும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்நகரம் உலக வரைபடத்தில் எங்கும் இல்லை. 'கவுன்டர் ஸ்டிரைக்' என்னும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் 'டஸ்ட்', 'டஸ்ட் 2' என்ற இரு களங்களில்தான் அது இருக்கிறது. ஆட்டக்காரர்கள் 'மேப்' என்றழைக்கும் இக்களங்களை வரைந்தவர் டேவ் ஜான்ஸ்டன் என்ற பிரித்தானியர். முதற்களத்தை வரைந்தபோது அவர் பதின்ம வயதைக் கடக்கவில்லை. எந்த விளையாட்டு நிறுவனத்திலும் பணியாற்றவுமில்லை.

இது எவ்வாறு இயன்றது என்பதை அறிய 1993ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு டிசம்பரில் இட் சாஃப்ட்வேர் நிறுவனம் 'டூம்' விளையாட்டை வெளியிட்டது. அதற்கு முந்தைய 'உல்ஃபென்ஸ்டைன் 3டி'யை ரசிகர்கள் அரும்பாடுபட்டு மாற்றியமைத்ததைக் கண்டிருந்த அந்நிறுவனம், டூமை இயக்கும் நிரலைத் தனியாகவும், களம், படம், ஒலி ஆகியவற்றை 'வாட்' எனப்படும் கோப்புகளில் தனியாகவும் பிரித்து வைத்தது. நிரலைத் தொடாமலேயே புதிய களத்தைச் சேர்க்க வழி பிறந்தது. சில மாதங்களுக்குள் ரசிகர்களே களம் வரையும் மென்பொருளை எழுதி, தாம் வரைந்த களங்களைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கினர்.

இந்த மரபின் அடுத்த கண்ணி, 1998 நவம்பரில் வால்வ் நிறுவனம் வெளியிட்ட 'ஹாஃப் லைஃப்'. அதன் குறுவட்டிலேயே 'வேர்ல்ட்கிராஃப்ட்' என்ற களம் வரையும் மென்பொருளும் இடம்பெற்றது. ஹாஃப் லைஃபை அடித்தளமாகக் கொண்டு, கனடாவில் படித்துக்கொண்டிருந்த மின் லே என்ற மாணவரும் அமெரிக்காவின் ஜெஸ் கிளிஃபும் 1999 ஜூனில் கவுன்டர் ஸ்டிரைக்கின் முதற் சோதனை வடிவத்தை இலவசமாக வெளியிட்டனர். அதற்கு வேண்டிய களங்களை ஆர்வலர்கள் ஊதியமின்றி வரைந்து கொடுத்தார்கள். ஜான்ஸ்டன் அவர்களுள் ஒருவர்.

டஸ்டின் தோற்றம் முற்றிலும் அவருடைய கற்பனை அன்று. வால்வ் அப்போது உருவாக்கிவந்த 'டீம் ஃபோர்ட்ரஸ் 2' விளையாட்டின் முன்னோட்டப் படங்களில் கண்ட பாலைநிலக் கட்டடங்களே தமக்குத் தூண்டுதல் என்பதை அவர் மறைத்ததில்லை. அந்த விளையாட்டு 2007இல் வெளிவந்தபோது கேலிச்சித்திர பாணிக்கு முழுமையாக மாறியிருந்தது. மூலம் வெளிவராமலே போக, அதன் சாயல் உலகப் புகழ் பெற்றது. சுவர்களுக்கும் தரைக்கும் உரிய பரப்புப் படங்களை கிறிஸ் ஆஷ்டன் வரைந்து கொடுத்தார்.

1999 நவம்பரில் வந்த நான்காம் சோதனை வடிவத்தில் வெடிகுண்டு ஆட்டமுறை அறிமுகமாயிற்று. டஸ்டும் அதனுடன் வெளிவந்தது. இரண்டு இடங்களுள் ஒன்றில் குண்டு வைக்க ஓர் அணி முயலும். மற்றோர் அணி தடுக்கும், அல்லது குண்டைச் செயலிழக்கச் செய்யும். இத்தகைய களத்தில் தெருவின் நீளம் என்பது நேரக் கணக்கு. இரு அணிகளும் எந்த நொடியில், எந்த மூலையில் நேருக்கு நேர் சந்திக்கும் என்பதை வரைபவரே தீர்மானிக்கிறார். முதல் டஸ்டில் தடுக்கும் அணியின் கை ஓங்கியிருந்தது. 2001 மார்ச்சில் வந்த டஸ்ட் 2, நீண்ட சாலை, நடுத்தெரு, குறும்பாதை, சுரங்கம் எனப் பல வழிகளைத் திறந்து அச்சமனின்மையைப் பெருமளவு சரிசெய்தது. இன்றளவும் மிகுதியாக ஆடப்படும் களங்களுள் அது ஒன்றாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

தெருக்களை வரைந்தவர் ஜான்ஸ்டன். அவற்றுக்குப் பெயர் வழங்கியவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர்கள். 'லாங்', 'கேட்வாக்', 'பிட்', 'எக்ஸ்பாக்ஸ்' என ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பெயர் உண்டு. எதிரியின் பார்வையில் நேரடியாக விழும் சரிவுக்குப் பெயர் 'சூசைடு'. சுவரில் வாத்துப் படம் இருந்த மூலை 'கூஸ்' ஆயிற்று. மேட்டால் மேட்டுப்பாளையமும் ஆலமரத்தால் ஆலங்குடியும் பெயர் பெறும் அதே முறைதான் இங்கும்: கண்ணில் படும் அடையாளம், அங்கு நேரும் அனுபவம், உடனே சொல்லி முடிக்க வேண்டிய அவசரம். எதிரி இருக்குமிடத்தை ஒரே சொல்லில் அறிவிக்க வேண்டிய ஆட்டத்தில் நீண்ட பெயர்கள் நிலைப்பதில்லை.

இந்தியாவிற்குள் இக்களங்கள் 2000களில் பிரௌசிங் சென்டர்கள் வழியாகவும் கல்லூரி விடுதிகள் வழியாகவும் நுழைந்தன. இணைய வேகம் குறைவாக இருந்த காலம் அது. ஆயினும் ஒரே அறையின் கணினிகளைக் கம்பியால் இணைத்து, அவற்றுள் ஒன்றையே சேவையகமாக்கி ஆட முடிந்தது. நிறுவனத்தின் சேவையகம் தேவைப்படவில்லை. உரிமம் பெறாத படிகளும் தாராளமாகப் புழங்கின. தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலும் எழுந்த கூச்சல்களுக்கிடையே 'லாங்', 'மிட்' என்ற சொற்கள் மட்டும் மாறாமல் ஒலித்தன.

2000ஆம் ஆண்டில் கவுன்டர் ஸ்டிரைக் வால்வின் உடைமையாகி, கடைகளில் விலைக்கு வந்தது. ரசிகர் உழைப்புக்கு வருவாயில் பங்கு என்ற ஏற்பாடு, 2013 ஏப்ரலில் 'ஆபரேஷன் பேபேக்' வாயிலாகவே அவ்விளையாட்டில் தொடங்கியது. வேறிடத்தில் காற்று எதிர்த்திசையில் வீசியது. 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டில் ரசிகர்கள் உருவாக்கிய 'டோட்டா' என்ற களம், பின்னர் ஒரு தனி விளையாட்டு வகையாகவே வளர்ந்தது. 2020இல் அதன் மறுபதிப்பு வெளிவந்தபோது, ரசிகர் படைப்புகள் அனைத்தும் தனக்கே உரியவை என்று பிளிசர்ட் நிறுவனம் விதி வகுத்தது.

2022 நவம்பரில் கவுன்டர் ஸ்டிரைக்கின் போட்டிக் களப் பட்டியலிலிருந்து டஸ்ட் 2 சில காலம் விலக்கப்பட்டது. அவ்விடத்தைப் பெற்ற 'அனுபிஸ்' களமும் ரசிகர்கள் வரைந்ததே. கருவி கையில் இருக்கும்வரை அடுத்த ஜான்ஸ்டன் எங்கிருந்தும் வரலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் இன்று புகழ்பெற்று விளங்கும் சுடும் விளையாட்டுகள் பல, களம் வரையும் கருவியை ஆட்டக்காரருக்குத் தருவதில்லை. சேவையகத்தையும் தம்மிடமே வைத்துக்கொள்கின்றன. நிறுவனம் அதை நிறுத்தும் நாளில் அக்களங்களும் மறையும். 1999இல் வரையப்பட்ட டஸ்டோ ஒரு சிறு கோப்பு. அதைப் பிரதி வைத்திருக்கும் எவரும் ஒரு பழைய கணினியைக் கொண்டே அந்நகரத்தின் வாயிலை இன்றும் திறக்கலாம்.