எல்லோருக்கும் 120/80: முதியோர் இல்லத்துக்கு மார்க் போட்ட வரலாறு

மும்பையில் 'நர்சிங் ஹோம்' என்று போர்டு பார்த்தால் அது பெரும்பாலும் ஒரு டாக்டர் தம்பதி நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி. பிரசவம், குடல்வால் ஆபரேஷன், எலும்பு முறிவு, இப்படி. இங்கே அதற்கென்று 1949-லேயே பம்பாய் நர்சிங் ஹோம்கள் பதிவுச் சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவில் அதே பெயருக்கு அர்த்தமே வேறு. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத முதியவர்கள், பலர் கடைசி வரைக்கும், தங்கியிருக்கும் இடம். இந்தப் பதிவு அந்த இரண்டாவது வகையைப் பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

இதை எழுதக் காரணம் எங்கள் பெரியம்மா. வயது 79, குழந்தைகள் இல்லை, பெரியப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. கும்பகோணம் பக்கத்தில் தனியாக இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்த பிறகு தனியாக விட முடியவில்லை. மும்பையில் எங்கள் இரண்டு ரூம் ஃபிளாட்டுக்கு வர அவருக்கு இஷ்டமில்லை. நல்ல இல்லமாகப் பார்க்கும் பொறுப்பு எனக்கும் தம்பிக்கும். நான் படித்தது பி.காம்., இருபது வருடமாகச் செய்வது வங்கி வேலை, அதில் நாலு வருடம் இன்ஸ்பெக்‌ஷன். கிளையைப் பார்த்து ரிப்போர்ட் எழுதத் தெரியும். ஒரு இல்லம் மனிதர்களை நன்றாகக் கவனிக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தேடிப் படித்தபோதுதான் இந்தக் கேள்விக்கே நூற்றைம்பது வருடத்துக்கு மேல் வரலாறு இருப்பது தெரிந்தது.

லண்டன், 1864

அப்போது இங்கிலாந்தில் கதியற்ற ஏழைகளுக்கும் கிழவர்களுக்கும் இருந்த இடம் 'வொர்க்ஹவுஸ்'. வேலை செய்தால் கஞ்சி. வேலை செய்ய முடியாதவர்களுக்கு அதற்குள்ளேயே ஒரு நோயாளிக் கூடம். பல இடங்களில் நர்ஸ் என்று தனியாக யாரும் கிடையாது, அங்கேயே தங்கியிருந்த ஏழைகள்தான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். 1864 டிசம்பரில் திமோதி டேலி என்ற கூலித் தொழிலாளி ஹோல்பர்ன் வொர்க்ஹவுஸில் படுக்கைப்புண்ணோடு கிடந்து, பிறகு இறந்துபோனார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. 'லான்செட்' மருத்துவ இதழ் 1865-ல் தன் செலவில் டாக்டர்களை அனுப்பி லண்டன் வொர்க்ஹவுஸ்களின் நோயாளிக் கூடங்களைப் பார்வையிட்டு வரிசையாக எழுதியது. 1867-ல் லண்டன் ஏழை நோயாளிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது.

இதில் படுக்கைப்புண்ணைக் கவனியுங்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் தன் நர்சிங் புத்தகத்திலேயே, படுக்கைப்புண் வந்தால் பொதுவாகக் குறை நோயில் இல்லை, கவனிப்பில்தான் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். எங்கள் பாஷையில் சொன்னால் அது வாராக்கடன் மாதிரி. வானத்திலிருந்து குதிப்பதில்லை. திருப்பிப் படுக்க வைக்க வேண்டிய யாரோ ஒருவர் வைக்கவில்லை. இன்றைக்கும் முதியோர் இல்லத்தை அளக்கும் அளவுகோல்களில் அது ஒன்று.

சட்டம் எதைப் பார்த்தது?

அமெரிக்கக் கதை 1935-ல் தொடங்குகிறது. அந்த வருடத்து சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோருக்கு உதவித்தொகை கொடுத்தது. ஆனால் அரசு ஏழை விடுதிகளில் இருப்பவர்களுக்குக் கிடையாது என்றது. நோக்கம் நல்லதுதான், அந்த விடுதிகள் ஒழியட்டும் என்று. நடந்தது என்ன? கையில் காசோடு வந்த முதியவர்களை வைத்துக்கொள்ளத் தனியார் இல்லங்கள் முளைத்தன. 1950-ல்தான் சட்டத்தைத் திருத்தி, மாநிலங்கள் இப்படிப்பட்ட இல்லங்களுக்கு லைசென்ஸ் முறை வைக்க வேண்டும் என்றார்கள்.

1963 நவம்பர் 23 அன்று ஒஹாயோ மாநிலத்தின் ஃபிட்ச்வில் என்ற ஊரில் ஒரு இல்லம் தீப்பிடித்து 63 பேர் இறந்தார்கள். முந்தைய நாள்தான் கென்னடி சுடப்பட்டிருந்தார். செய்தி பெரிதாக வெளியே தெரியவில்லை.

1965-ல் மெடிகேர், மெடிகெய்ட் திட்டங்கள் வந்து அரசுப் பணம் கொட்டியபோது இந்தத் தொழில் வீங்கியது. கூடவே ஊழலும். 1974-ல் செனட் கமிட்டி ஒன்று தன் அறிக்கைத் தலைப்பிலேயே இதைப் பொதுக் கொள்கையின் தோல்வி என்று குறிப்பிட்டது.

இதற்கு நடுவில், 1966-ல், ஒரு முக்கியமான கட்டுரை வந்தது. எழுதியவர் பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்கா போன அவெடிஸ் டொனபேடியன். மருத்துவத் தரத்தை மூன்று விதமாகப் பார்க்கலாம் என்றார். ஒன்று, அமைப்பு: கட்டடம், ஆட்கள், கருவிகள். இரண்டு, செய்முறை: நோயாளிக்கு உண்மையில் என்ன செய்தார்கள். மூன்று, விளைவு: அதனால் அவர் என்ன ஆனார். கேட்டால் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். ஆனால் அதுவரை அரசு பார்த்ததெல்லாம் பெரும்பாலும் முதல் விஷயத்தைத்தான். ஏனென்றால் அளக்கச் சுலபமானது அதுதான். கிளையில் பெட்டகம் இருக்கிறதா, அலாரம் வேலை செய்கிறதா என்று டிக் போட்டுவிட்டு, உள்ளே பணத்தை எண்ணாமல் வருகிற மாதிரி.

வழக்கும் சட்டமும்

1975-ல் கொலராடோவில் இல்லவாசிகள் வழக்குப் போட்டார்கள். அரசு சோதனை எல்லாம் இல்லத்தால் காகிதத்தில் கவனிப்புத் தர முடியுமா என்றுதான் பார்க்கிறது, எங்களுக்குக் கவனிப்பு கிடைக்கிறதா என்று பார்ப்பதே இல்லை என்பது வாதம். ஒன்பது வருடம் இழுத்தது. 1984-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 'ஸ்மித் எதிர் ஹெக்லர்' வழக்கில் இல்லவாசிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பணம் கொடுக்கிற அரசுக்கு, கவனிப்பு உண்மையிலேயே நடக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் கடமை உண்டு என்றது.

1985-ல் ஒரு நுகர்வோர் அமைப்பு 15 நகரங்களில் நானூறுக்கும் மேற்பட்ட இல்லவாசிகளிடமே போய், நல்ல கவனிப்பு என்றால் என்ன என்று கேட்டது. நிபுணர்கள் மருந்து, மருத்துவம் என்று யோசித்துக்கொண்டிருக்க, இவர்கள் அதிகம் பேசியது தங்களைத் தொட்டுத் தூக்கும் ஊழியர்களின் குணத்தைப் பற்றி. அப்புறம், தங்கள் நாளைத் தாங்களே கொஞ்சமாவது தீர்மானிக்க முடிவதைப் பற்றி.

1986-ல் மருத்துவக் கழகத்தின் அறிக்கை, 1987 டிசம்பரில் புதுச் சட்டம். முன்னறிவிப்பு இல்லாத சோதனை, உதவியாளர்களுக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி, ஒவ்வொருவருக்கும் ஒரே மாதிரிப் படிவத்தில் முழு மதிப்பீடு, காரணமில்லாமல் கட்டிப்போடக் கூடாது என்ற உரிமை. கடைசி விஷயம் முக்கியம். எண்பதுகளின் கடைசியில் சுமார் 40 சதவீதம் பேரை நாற்காலியிலோ கட்டிலிலோ கட்டிவைத்திருந்தார்கள் (விழுந்துவிடக் கூடாதாம்!). பிற்பாடு அது 2 சதவீதத்துக்கும் கீழே வந்தது. எண்ணத் தொடங்கியதால் குறைந்த கொடுமை அது.

நட்சத்திரங்கள்

1998-ல் இல்லங்களை ஒப்பிட்டுப் பார்க்க அரசே இணையதளம் தொடங்கியது. 2008 டிசம்பரில் ஹோட்டலுக்குக் கொடுப்பது போல ஐந்து நட்சத்திர முறை. சோதனை அறிக்கை, ஆள் பலம், தர அளவுகள் என்று மூன்று பகுதி.

பேங்க்காரனுக்கு உடனே மூக்கு வேர்க்கும் இடம் இது. மூன்றில் முதலாவது மட்டும்தான் வெளி ஆள் வந்து பார்ப்பது. மற்ற இரண்டும் இல்லங்களே சொன்ன கணக்கு! மார்ச் 31 ராத்திரி டெபாசிட்டை ஏற்றிக் காட்டுவது நமக்குத் தெரியாததா? அங்கேயும் அதுதான். சோதனைக் காலத்தில் ஆட்கள் கூடினார்கள். 2014-ல் நியூயார்க் டைம்ஸ் இதை எழுதியது. பிறகு 2016 முதல் சம்பளப் பட்டியல் அடிப்படையில் ஆள் கணக்கு வாங்கி, 2018-லிருந்து நட்சத்திரத்துக்கு அதையே எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதும் ஓட்டை அடைபடவில்லை. முதியவர்களை மயக்கத்தில் வைக்கும் மனநோய் மருந்துகள் எத்தனை பேருக்குத் தரப்படுகின்றன என்பது ஒரு தர அளவு. ஸ்கிசோஃப்ரீனியா உள்ளவர்கள் அந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். விளைவு? திடீரென்று நிறைய முதியவர்களுக்கு அந்த நோய் 'வந்தது'. 2021-ல் இது வெளியே வந்து, 2023-ல் அரசு தணிக்கை தொடங்கியது. எந்த அளவுகோல் வைத்தாலும், அளக்கப்படுகிறவர் கையிலேயே அதைக் கொடுத்தால் இதுதான் நடக்கும்.

நம் பக்கம்

நம்மிடம் 2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோர் தங்கும்படி, அரசு இல்லம் அமைக்கலாம் என்கிறது. 2019-ல் தனியார் இல்லங்களுக்கும் பதிவு, குறைந்தபட்சத் தரம் என்று திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. சட்டமாகாமலே 2024-ல் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. எல்லா இல்லங்களையும் ஒரே தராசில் நிறுத்து மக்கள் பார்க்கும்படி வெளியிடும் ஏற்பாடு நாடு தழுவி நம்மிடம் இல்லை. ஆகவே இன்ஸ்பெக்டர் நாம்தான்.

லீவில் ஊருக்குப் போனபோது இரண்டு இல்லம் பார்த்தோம். பெயர் வேண்டாம். முதலாவது கிரானைட் தரை, லிஃப்ட், கேமரா, வழவழப்பான கையேடு. மேனேஜர், "எல்லா ரெக்கார்டும் பக்காவா இருக்கும் சார்" என்றார். பழக்கதோஷம், ரத்த அழுத்த ரிஜிஸ்டரைப் புரட்டினேன். மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, இருபத்திரண்டு பேருக்கும் 120/80. எனக்கே 140/90 :-) நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

இரண்டாவது இல்லம் பழைய ஓட்டு வீடு. சொல்லாமல் சாயங்காலம் ஆறரைக்குப் போனோம். ரிஜிஸ்டரில் அடித்தல் திருத்தல். ஒரு பாட்டி இரண்டு கிலோ குறைந்ததற்குப் பக்கத்தில் 'பல் செட் சரியில்லை, டாக்டரிடம் காட்டணும்' என்று எழுதியிருந்தது. எடை பார்த்திருக்கிறார்கள், ஏன் குறைந்தது என்றும் யாரோ யோசித்திருக்கிறார்கள். ஆனால் ராத்திரிக்கு இரண்டே பேர்தான். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. மூன்றாவது ஆள் போட முடியுமா என்று கேட்டிருக்கிறோம்.

யாராவது இல்லம் தேடிக்கொண்டிருந்தால், இந்த வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை:

1. சொல்லாமல் போங்கள். சாயங்காலமோ ஞாயிற்றுக்கிழமையோ நல்லது.
2. பகலில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். ராத்திரி எத்தனை பேர், எவ்வளவு நாளாக வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்.
3. படுக்கையில் இருப்பவர்களை எத்தனை மணிக்கு ஒருமுறை திருப்புகிறார்கள், இப்போது யாருக்காவது படுக்கைப்புண் இருக்கிறதா என்று கேளுங்கள்.
4. எடைப் புத்தகத்தைப் பாருங்கள். மிக அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.
5. மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் ஒரே மாதிரி தூங்கி வழிந்தால் என்ன மாத்திரை என்று கேளுங்கள்.
6. போய் இருக்கப்போகிறவரிடம் கேளுங்கள்.

ஆறாவதைப் பெரியம்மாவிடம் கேட்டேன். இரண்டு இல்லத்தைப் பற்றியும் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிடா. காலைல நாலரைக்கு எழுந்தா காபி குடுப்பாளா, இல்ல ஆறு மணி வரைக்கும் படுன்னுடுவாளா?" என்றார். நான் அதைக் கேட்டு வரவில்லை. மறுநாள் ஃபோன் போட்டுக் கேட்டோம். சமையல்கார அம்மா ஐந்து மணிக்குத்தான் வருவாராம், ஆனால் ஃபிளாஸ்க்கில் போட்டு வைக்கிறோம் என்றார்கள்.

தை பிறந்ததும் பதினைந்து நாள் இருந்து பார்க்கப் பெரியம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். மார்க் போடப்போவது அவர்தான்.