ஏஜென்டிடம் எத்தனை சாவி கொடுக்கலாம்? ஒரு குட்டி வரலாறு

போன கட்டுரையில் பணவீக்கம் பற்றி எழுதி எல்லோரையும் தூங்க வைத்தாயிற்று. இந்த முறை கொஞ்சம் கம்ப்யூட்டர் பக்கம் போவோம்.

ஆடிட்டிங் பாடத்தில் 'இன்டர்னல் செக்' என்று ஒன்று வரும். கல்லாவில் பணம் வாங்குகிறவரே பேரேட்டையும் எழுதக் கூடாது. செக் எழுதுகிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுகிறவர் வேறொருவர். குமாஸ்தா திருடன் என்பதால் அல்ல, எல்லாம் ஒரே கையில் இருந்தால் தப்பு நடந்தாலும் தெரியாது என்பதால்தான்.

சித்தப்பா ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். "கடைக் கணக்கை ஏ.ஐ. ஏஜென்ட் கூட இணைச்சுக் கொடுடா" என்றார். உட்கார்ந்தேன். கணக்கு மென்பொருளின் சர்வர், ஏஜென்டுக்குத் தரும் கருவிகளின் பட்டியலைக் காட்டியது. பில்லைப் படிப்பது, எழுதுவது, அழிப்பது, மெயில் அனுப்புவது... எல்லாவற்றிலும் ஏற்கெனவே டிக்! எனக்குச் சுருக்கென்றது. இந்த டிக்குகளுக்கு ஒரு வரலாறு உண்டா என்று தேடினேன். உண்டு. அதுவும் ஐம்பது வருட வரலாறு!

1975-ல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் கணிப்பொறிப் பாதுகாப்பு பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிலுள்ள விதிகளில் எனக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, எந்த நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான அளவு உரிமை மட்டும் போதும். இரண்டு, தொடக்கத்தில் எல்லாம் மூடியே இருக்கட்டும், தேவையானதை மட்டும் திறக்கலாம். நம் இன்டர்னல் செக்கின் ஒன்றுவிட்ட தம்பிகள்!

ஆனால் விதி எழுதியதோடு சரி. டைம்ஷேர் என்ற அமெரிக்க நிறுவனம் கணிப்பொறி நேரத்தை வாடகைக்கு விட்டு வந்தது. அங்கே நடந்த ஒரு கதையை நார்ம் ஹார்டி என்பவர் 1988-ல் எழுதினார். அங்கிருந்த கம்பைலர், மொழியின் எந்தெந்த வசதி எவ்வளவு பயன்படுகிறது என்ற புள்ளிவிவரத்தை ஒரு கோப்பில் எழுதி வைக்கும். அதற்காக அந்தக் கோப்பகத்தில் எழுதும் உரிமை அதற்குத் தரப்பட்டிருந்தது. பிரச்சினை என்னவென்றால், வாடிக்கையாளர்களின் பில் கணக்குக் கோப்பும் அதே கோப்பகத்தில்தான் இருந்தது. ஒரு பயனர், தன் நிரலின் பிழைதிருத்தத் தகவலை எழுத வேண்டிய கோப்பு என்று அந்த பில் கோப்பின் பெயரைக் கொடுத்துவிட்டார். கம்பைலர் சமர்த்தாக அதன் மேலேயே எழுதியது. பில் கணக்கு போயே போச்சு!

அந்தப் பயனருக்கு பில் கோப்பைத் தொடும் உரிமை கிடையாது. கம்பைலருக்கு இருந்தது. யார் சார்பில் எந்த உரிமையைப் பயன்படுத்துகிறோம் என்று அதற்குத் தெரியவில்லை. இதைக் 'குழம்பிய குமாஸ்தா' பிரச்சினை என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

அதே 1988, நவம்பர் 2. ராபர்ட் மோரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் இணையத்தில் ஒரு புழு நிரலை அவிழ்த்துவிட்டார். சுமார் 6,000 கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். புழு நுழைந்த வழிகளில் ஒன்று, மெயில் நிரலை எழுதியவர்கள் சோதனைக்காக வைத்திருந்த ஒரு வசதி. பல இடங்களில் அதை யாரும் அணைக்கவே இல்லை. தேவையில்லாத கதவு, ஆனால் திறந்தே கிடந்தது. அந்தக் கால யூனிக்ஸ் சர்வர்களில் எந்தெந்தச் சேவை ஓட வேண்டும் என்று ஒரு கோப்பில் வரி வரியாக இருந்தது. வேண்டாத வரிக்கு முன்னால் ஒரு # குறி போட்டால் அந்தச் சேவை மூடிவிடும். நிர்வாகிகள் இந்த வேலையைப் பழகிக்கொண்டது பட்ட பிறகுதான்.

சரி, இன்றைக்கு வருவோம். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்.சி.பி. என்ற பொது நெறிமுறையை வெளியிட்டது. ஏஜென்ட் பக்கம் கேட்டால், சர்வர் தன்னிடமுள்ள கருவிகளின் பெயரையும் விளக்கத்தையும் பட்டியலாகத் தரும். நடுவில் பட்டியல் மாறினாலும் அறிவிக்க வழி உண்டு. பட்டியல் நீண்டால் ஏஜென்ட் படிக்க வேண்டியதும் நீளும், எதை எடுப்பது என்ற குழப்பமும் கூடும்.

பெரிய ஆபத்து வேறு. கம்பைலர் கோப்பின் பெயரில்தான் ஏமாந்தது. ஏஜென்டோ படிக்கும் எந்த எழுத்திலும் ஏமாறலாம். 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும் திட்டமொன்றில், பிழைப் புகார் போல ஒரு குறிப்பில் கட்டளையை ஒளித்து வைத்தார்கள். அதைப் படித்த ஏஜென்ட், அதே பயனரின் தனிப்பட்ட திட்டங்களிலிருந்த தகவலை எடுத்துப் பொதுவில் போட்டுவிட்டது. அதே குழம்பிய குமாஸ்தா!

அந்த கிட்ஹப் சர்வரிலேயே கருவிகளைக் குழு குழுவாகத் திறக்கவும், 'படிக்க மட்டும்' என்று வைக்கவும் வசதி உண்டு. 'இந்தக் கருவி எதையும் அழிக்காது' என்று சர்வர் குறிப்பு எழுதித் தரவும் எம்.சி.பி.யில் இடம் இருக்கிறது. ஆனால் நம்பகமான சர்வர் தந்தால் தவிர அதை நம்பாதே என்கிறது அதே நெறிமுறை. நமக்குத் தெரியாததா? கம்பெனி தனக்குத்தானே கொடுக்கும் சான்றிதழ் ஆடிட் ரிப்போர்ட் ஆகுமா என்ன!

எல்லாவற்றையும் மூடிவிட்டால் ஏஜென்ட் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். அதனால் சித்தப்பா கடையில் இரண்டை மட்டும் திறந்தேன். பில் படிக்கலாம், பாக்கிக்காரர்களுக்கு நினைவூட்டல் கடிதம் எழுதி வைக்கலாம். அனுப்புவது சித்தப்பா கையில். செக் எழுதுகிறவர் வேறு, கையெழுத்துப் போடுகிறவர் வேறு!

"அப்போ பில்லை அழிக்கணும்னா?" என்றார்.

"நீங்களே அழிச்சுக்கோங்க சித்தப்பா" என்றேன்.