எலி கடித்த கணக்கு யார் தலையில்?



போன வாரம் என்னிடம் படித்த தம்பி ஒருவன் போன் செய்தான். வாசலில் நாலு நாள் நிறுத்தியிருந்த காரில் எலி புகுந்து ஒயர்களைக் கடித்துவிட்டதாம். ஒர்க்‌ஷாப்பில் பெரிய தொகை சொல்கிறார்கள். இன்சூரன்ஸில் கிடைக்குமா என்றால் இழுக்கிறார்கள். “எலி செஞ்சதுக்கு நான் ஏன் சார் பணம் கட்டணும்?” என்று கேட்டான். எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தால், கார் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கப்பல்காரர்கள் கேட்ட கேள்விதான் இது.

14ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் பார்சிலோனா பகுதியில் கடல் வணிக வழக்கங்களைத் தொகுத்தார்கள். ‘கொன்சொலாத் தெ மார்’ என்று பெயர். சரக்கை எலி தின்றுவிட்டால் யார் பொறுப்பு என்பதற்கு அதில் விதியே இருக்கிறது. கப்பலில் பூனை வளர்க்கவில்லை என்றால் கப்பல்காரர் நஷ்ட ஈடு தர வேண்டும். பூனை இருந்து, வழியில் செத்துப்போய், அடுத்து பூனை கிடைக்கும் இடத்தில் வாங்கி ஏற்றியிருந்தால் அவர்மேல் குற்றமில்லை. சிரிக்காதீர்கள். ‘உன்னால் முடிந்த காவலை நீ செய்தாயா?’ என்பதுதான் அதன் பொருள்.

இங்கிலாந்து நீதிமன்றம் இவ்வளவு இரக்கம் காட்டவில்லை. 1852இல் லாவெரோனி என்பவர் தொடுத்த வழக்கில், கப்பலில் வந்த பாலாடைக்கட்டியை எலிகள் தின்றிருந்தன. கப்பலில் இரண்டு பூனைகள் இருந்தும் பயனில்லை. எலி கடிப்பது கடலால் வரும் ஆபத்து அல்ல என்று சொல்லி, கப்பல்காரரையே பொறுப்பாக்கினார்கள்.

1887இல் இன்னொரு வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. பர்மாவின் அக்யாப் துறைமுகத்திலிருந்து ஜெர்மனியின் பிரேமனுக்கு அரிசி ஏற்றிய கப்பல். எலி அரிசியைத் தின்னவில்லை, ஈயக் குழாயைக் கடித்தது. அந்த ஓட்டை வழியே கடல்நீர் புகுந்து அரிசி கெட்டது. கப்பல்காரர் பக்கம் கவனக்குறைவு இல்லை. நஷ்டம் செய்தது கடல்நீர், ஆகவே இது கடல் ஆபத்துதான் என்று தீர்ப்பாகி, கப்பல்காரர் தப்பினார்.

பிறகு 1906இல் பிரிட்டனின் கடல் காப்பீட்டுச் சட்டம் வந்தது. பாலிசியில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, எலியால் நேரடியாக வந்த நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று எழுதினார்கள். நம் நாட்டின் 1963 சட்டமும் அதையே சொல்கிறது.

இவை கப்பலுக்கான சட்டங்கள், காருக்கு அல்ல. ஆனால் கேள்வி ஒன்றுதான். நம் வழக்கமான கார் பாலிசியில் தீ, திருட்டு, வெள்ளம், நிலநடுக்கம் எனப் பட்டியல் இருக்கும். எலி என்ற சொல் இருக்காது. ‘வெளியிலிருந்து நேரும் விபத்து’ என்ற வரிக்குள் எலி அடங்குமா என்பதில்தான் தகராறு. அதே எலி கடித்த ஒயரால் கார் தீப்பிடித்தால் பேச்சே வேறு, ஏனென்றால் தீ பட்டியலில் இருக்கிறது. அரிசிக் கப்பல் கதை இங்கே திரும்பி வருகிறது, பார்த்தீர்களா!

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான். கடித்த இடத்தைப் படம் எடுத்து வை. ரிப்பேருக்கு முன்பே நிறுவனத்துக்குத் தெரிவி. மறுத்தால், எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேள். அவர்களிடம் எழுத்தில் புகார் கொடுத்தும் ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரில் தின்பண்டம் சிந்தாதீர்கள். குப்பைத் தொட்டி அருகே நிறுத்தாதீர்கள். ஓட்டாத நாளிலும் பானெட்டைத் திறந்து பாருங்கள். பார்சிலோனாக்காரர்கள் கேட்ட பூனை நமக்கு இதுதான். பாலிசியைப் பெட்டியில் வைக்கும் முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பரீட்சைக்கு முந்தின நாள் படிக்கும் பழக்கம் இதற்கு உதவாது!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்