எப்காட்டின் முன்முற்றம்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்கு அருகே உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு வளாகத்தின் இரண்டாவது தீம் பார்க் எப்காட். 1982 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. நுழைவுச் சீட்டைக் காட்டி உள்ளே வந்ததும் ஒரு திறந்த முற்றம் விரிகிறது. அதன் மறுமுனையில் 180 அடி உயரத்துக்கு ஒரு வெள்ளிக் கோளம் நிற்கிறது. அந்த முற்றத்தில் சவாரியும் இல்லை, காட்சியும் இல்லை. வருகிறவர்கள் கடந்துபோகிற வெறும் இடம்தான். ஆனாலும் 40 ஆண்டுகளுக்குள் அது இருமுறை அடியோடு மாற்றப்பட்டது. இருமுறையும் பூங்காவின் ரசிகர்கள் அணி பிரிந்து வாதாடினார்கள். பிடித்த சவாரியை மூடினால் ரசிகர்கள் கொதிப்பது எங்கும் நடப்பது. நடந்து கடக்கும் ஒரு தளத்துக்காக 20 ஆண்டுகள் வாக்குவாதம் நீடித்ததற்குக் காரணம் எப்காட் பிறந்த விதத்தில் இருக்கிறது.

வால்ட் டிஸ்னி எப்காட் என்று பெயரிட்டது ஒரு பூங்காவுக்கு அல்ல, ஒரு நகரத்துக்கு. 20,000 பேர் குடியிருந்து, புதிய தொழில்நுட்பங்களை அன்றாட வாழ்வில் சோதித்துப் பார்க்கும் மாதிரி நகரம் அது. 1966 அக்டோபரில் இந்தத் திட்டத்தை விளக்கி ஒரு படத்தில் தோன்றினார். அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று இறந்துபோனார். அவருக்குப் பின் நிறுவனத்தை நடத்தியவர்களுக்கு நகரம் கட்டும் துணிவு இல்லை. 1971இல் மேஜிக் கிங்டம் பூங்காவைத் திறந்தார்கள். நகரக் கனவைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டு, கடைசியில் அதை ஒரு நிரந்தர உலகப் பொருட்காட்சியாகச் சுருக்கினார்கள். அதில் அவர்களுக்கு அனுபவமும் இருந்தது: 1964-65 நியூயார்க் உலகப் பொருட்காட்சிக்கு நான்கு காட்சிகளை உருவாக்கிக் கொடுத்தது டிஸ்னிதான். எதிர்காலத் தொழில்நுட்பத்துக்கு ஒரு பூங்கா, உலக நாடுகளுக்கு ஒரு பூங்கா என்று தனித்தனியே யோசிக்கப்பட்ட இரண்டு மாதிரிகளை மார்ட்டி ஸ்க்ளார், ஜான் ஹென்ச் முதலானோர் ஒன்றாக ஒட்டவைத்ததில் இன்றைய எப்காட் உருவாயிற்று. முன்பாதியில் எதிர்காலம், பின்பாதியில் ஏரியைச் சுற்றி நாடுகள்.

நகரம் இல்லை என்றானபின் அந்த நகரம் வாக்களித்த எண்ணத்தைச் சொல்லும் பொறுப்பு கட்டடங்களின் மேல் விழுந்தது. முதலில் கண்ணில் படும் வாசலுக்கு அதில் பெரும்பங்கு. 1955இல் கலிபோர்னியாவில் திறந்த டிஸ்னிலேண்டின் வாசல் வேறு தினுசு. அங்கே மண்மேடும் ரயில் நிலையமும் பூங்காவை மறைத்து நிற்கும். சுரங்க வழியில் நுழைந்து மறுபுறம் வெளிவரும்போதுதான் பழைய அமெரிக்கச் சிற்றூர்த் தெரு தென்படும். மேஜிக் கிங்டத்திலும் அதே முறைதான். எப்காட்டில் மறைப்பு கிடையாது. கோளம் நெடுஞ்சாலையிலிருந்தே தெரியும். முற்றம் நேராக அதன் காலடிக்குக் கொண்டுபோகும், வருகிறவர்கள் கோளத்தின் அடிவயிற்றுக்குக் கீழே நடந்து பூங்காவுக்குள் போவார்கள்.

அந்தக் கோளத்தின் பெயர் ஸ்பேஸ்ஷிப் எர்த். அந்தச் சொல்லைப் பரப்பியவர் சிந்தனையாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர். 1967 மாண்ட்ரியல் பொருட்காட்சியில் அமெரிக்கக் கூடத்துக்காக அவர் அமைத்த முக்கோணச் சட்டக் குவிமாடமே இதற்கு முன்னோடி. உள்ளே ஓடும் சவாரியின் கதையை வகுப்பதில் எழுத்தாளர் ரே பிராட்பரி உதவினார். 165 அடி விட்டமுள்ள கோளம் மூன்று இணைக் கால்களின் மேல் தரையைத் தொடாமல் நிற்கிறது. வெளியே தெரியும் அலுமினிய உறை வேறு. மழை புகாத உள்கூடு வேறு. புளோரிடாவில் மழை கொட்டும்போது, இவ்வளவு பெரிய உருண்டையில் வழியும் நீர் கீழே நடப்பவர்களை நனைத்துவிடும். அதனால் பலகைகளுக்கு இடையிலான இடுக்குகள் வழியாக நீரை உள்ளே வாங்கி, குழாய்களில் இறக்கி, பின்பாதியில் உள்ள ஏரிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

1982இன் முற்றம் எளிமையானது. நடுவில் ஒரு நீரூற்று. அதிலிருந்து எழும் மூன்று ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தூண்கள். தூண்களில், வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிய பூங்காவின் சின்னம். சுற்றிலும் புல்தரை, பூப்பாத்தி, மரங்கள். தலைக்கு மேலே மோனோரயில் ஓடும் பாதை. இவ்வளவுதான். பொம்மை வேடமிட்டவர்கள் இல்லை. தொடக்கத்தில் மிக்கி மவுஸ் உள்ளிட்ட பாத்திரங்களை எப்காட்டுக்குள் விடுவதில்லை என்றே நிறுவனம் முடிவு செய்திருந்தது. குழந்தைகளும் பெற்றோரும் ஏமாற்றம் தெரிவித்ததால் சீக்கிரமே அந்த முடிவு தளர்ந்தது. ஆனால் கார்ட்டூன் கலவாத, பெரியவர்களை நோக்கிப் பேசிய அந்த முதல் சில ஆண்டுகள்தான் பிற்கால ரசிகர்களின் மனத்தில் உண்மையான எப்காட்டாக நிலைத்தன. 1980களில் பிள்ளைகளாக வந்தவர்கள் வளர்ந்த பிறகு எதைத் திரும்பக் கேட்டார்களோ, அது இந்த வெறுமை.

1990களில் எப்காட் தடுமாறியது. காட்சிக் கூடங்களுக்குப் பணம் கொடுத்து வந்த பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விலகத் தொடங்கின. எதிர்காலம் என்று காட்டியவை பழசாகிப் போயின. பூங்காவின் பெயரே நிலையாக இல்லை: எப்காட் சென்டர் என்று தொடங்கியது, 1994இல் எப்காட் '94 ஆகி, அடுத்த ஆண்டு எப்காட் '95 ஆகி, பிறகு எண் இல்லாமல் எப்காட் ஆயிற்று. இந்த நிலையில் புத்தாயிரம் ஒரு நல்ல சாக்காக வந்தது. 1999 அக்டோபர் முதல் 2001 ஜனவரி 1 வரை 15 மாதக் கொண்டாட்டம் அறிவிக்கப்பட்டது. அதன் மேடையாக முன்முற்றம் மாறியது.

அக்ரிலிக் தூண்கள் எடுக்கப்பட்டன. அவற்றின் இடத்திலும் சுற்றிலும் கருங்கல் பாறைகள் எழும்பின: சில 3 அடி, சில 19 அடி, மிகப் பெரியவை 50,000 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 23 டன் எடை. இந்தத் திட்டத்தின் பெயர் லீவ் எ லெகசி. வருகையாளர் படம் எடுத்துக்கொண்டு பணம் கட்டினால், அந்தப் படம் ஓர் அங்குலச் சதுர உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டுக் கல்லில் பதிக்கப்படும். பிறகொரு முறை வரும்போது தன் தகடு எந்தக் கல்லில் எந்த வரிசையில் இருக்கிறது என்று தேடிப் பார்த்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கானோர் பணம் கட்டினார்கள். இதை வடிவமைத்தவர் வேறு யாருமல்ல, 1939இல் டிஸ்னியில் சேர்ந்து எப்காட்டின் தொடக்க வடிவமைப்பிலும் முன்னின்ற ஜான் ஹென்ச். ஆகவே, பழைய முற்றத்தின் மேன்மை அறியாத யாரோ அதைக் கெடுத்தார்கள் என்று சில ரசிகர்கள் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

கற்கள் வருமுன்னரே பலருக்கு மனம் கோணும்படி இன்னொன்று நடந்தது. கோளத்தின் பக்கத்தில், அதையும் தாண்டிய உயரத்தில், மந்திரக்கோல் பிடித்த மிக்கியின் கை ஒன்று நிறுத்தப்பட்டது. மேலே 2000 என்ற எண். கொண்டாட்டம் முடிந்தபின் அது இறங்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். எண்ணை மட்டும் எடுத்துவிட்டு, 2001இல் எப்காட் என்று எழுதி, கையை அப்படியே விட்டுவிட்டார்கள். மிக்கியே இல்லாமல் தொடங்கிய பூங்காவின் உச்சியில் மிக்கியின் கை! குழந்தைகளோடு வந்தவர்களுக்கு அது பிடித்திருந்தது; புகைப்படத்துக்கும் வாகாக இருந்தது. பழைய ரசிகர்களுக்கோ கண்ணில் விழுந்த தூசி. 2007இல் நிறுவனம் அதை அகற்ற முடிவெடுத்தது. அக்டோபர் 1 அன்று பூங்காவின் 25ஆம் ஆண்டு நிறைவுக்குள் கை இறங்கிவிட்டது. அந்த நாளைக் கொண்டாட ரசிகர்கள் முன்கூட்டியே தாங்களாகவே திரண்டிருந்தார்கள். நிறுவனமும் விழாவில் சேர்ந்துகொண்டது. எப்காட் ரசிகர்கள் ஒரு தரப்பாகவே எண்ணப்படத் தொடங்கியது அதிலிருந்துதான்.

அதே 2007 ஜூனில் தகடு விற்பனையும் நின்றது. எதிர்பார்த்த அளவுக்குக் கற்கள் நிரம்பவில்லை. படம் ஏறாத வெற்றுப் பரப்புகள் அப்படியே கிடந்தன. அடுத்த 12 ஆண்டுகளும் அந்தக் கற்களைப் பற்றியே பேச்சு. எதிர்த்தவர்கள் அதைக் கல்லறைத் தோட்டம் என்றார்கள். சாம்பல் நிறப் பாறை, அதில் வரிசை வரிசையாக மனித முகங்கள் என்னும்போது அந்தப் பட்டப்பெயரைக் குறைசொல்ல முடியாது. கோளத்தை நோக்கிய பார்வையைக் கற்கள் மறித்தன, வழியைக் குறுக்கின, நிழலைக் குறைத்தன என்பவை மற்ற குற்றச்சாட்டுகள். கற்களை ஆதரித்தவர்களிடம் அழகியல் வாதம் எதுவும் இல்லை; அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. தகட்டில் இருந்தவர் தாயோ தாத்தாவோ இறந்துபோன பிள்ளையோ ஆக இருந்தால், ஒவ்வொரு வருகையிலும் அந்த ஓரங்குல முகத்தைத் தேடிப்போய்த் தொடுவது வழக்கமாகிவிட்டது. பணம் கொடுத்து வாங்கிய இடத்தை எடுக்க உரிமை உண்டா என்றும் கேட்டார்கள்.

இரு தரப்பும் ஒரே தவற்றைச் சுட்டிக்காட்டின என்பது கவனிக்கத்தக்கது. எல்லோருக்கும் பொதுவான ஒரு முற்றத்தைச் சதுர அங்குலக் கணக்கில் விற்றுவிட்டால், பிறகு அதை மாற்றும் எந்த முடிவும் யாரோ ஒருவரின் வீட்டுச் சுவரை இடிப்பதாகிவிடும். மேஜிக் கிங்டத்துக்கு முன்னால் உள்ள நடைபாதையில் 1994 முதல் பெயர் பொறித்த அறுகோணக் கற்களை விற்றபோதும் இதே சிக்கல் முளைத்தது. அவையும் 2019 முதல் பெயர்த்தெடுக்கப்பட்டன.

முன்முற்றம் மாற்றப்படும்போது ரசிகர்கள் எப்போதும் எதிர்ப்பார்கள் என்று கொள்ளக்கூடாது. கலிபோர்னியாவில் 2001 பிப்ரவரி 8 அன்று திறந்த டிஸ்னி கலிபோர்னியா அட்வென்சர் பூங்காவின் வாசல் ஒரு ராட்சதப் பட அஞ்சலட்டை போல அமைக்கப்பட்டிருந்தது. முன்னே கலிபோர்னியா என்ற ஆங்கிலப் பெயர் ஆளுயரத்தை மிஞ்சிய தனித்தனி எழுத்துகளாக. இருபுறமும் ஓட்டுச் சில்லுகளால் ஆன மலைக் காட்சி. மேலே மோனோரயில் ஓடும் கோல்டன் கேட் பாலத்தின் சிறு நகல். மாநிலத்திலேயே இருப்பவர்களுக்கு மாநிலத்தின் படத்தைக் காட்டிய இந்த வாசல் எடுபடவில்லை, கூட்டமும் சேரவில்லை. 2007இல் அறிவித்த 110 கோடி டாலர் சீரமைப்பில் வாசல் மாற்றியமைக்கப்பட்டு, 2012 ஜூன் 15 அன்று புவேனா விஸ்டா ஸ்ட்ரீட் என்ற தெரு திறந்தது. வால்ட் டிஸ்னி 1923இல் வந்திறங்கிய காலத்து லாஸ் ஏஞ்சலஸ் அது. பழைய எழுத்துகள் சாக்ரமெண்டோவில் உள்ள மாநிலப் பொருட்காட்சித் திடலுக்குக் கொடுக்கப்பட்டன. அவற்றைத் திரும்பக் கேட்டுப் பெரிய இயக்கம் எதுவும் எழவில்லை. அந்த வாசல் எதையும் வாக்களிக்கவில்லை. அதனால் மீறப்பட்ட வாக்கு என்று சொல்லவும் எதுவும் இல்லை.

எப்காட்டின் முற்றம் மாற்றப்படும் என்று 2019 பிப்ரவரியில் டிஸ்னி அறிவித்தது. புதிய நடைபாதைகள், அகன்ற பசும்புல் தரை, மறுபடியும் ஒரு நீரூற்று. தகடுகள் அழிக்கப்படாது, வாசலுக்கு வெளியே புதிய அமைப்பில் வைக்கப்படும் என்றும் சேர்த்தே சொல்லப்பட்டது. அறிவிப்பிலேயே இந்த வரி இடம்பெற்றதால் எதிர்ப்பின் கூர் பாதி மழுங்கியது. அந்த ஆண்டே கற்களைப் பெயர்க்கும் வேலை தொடங்கிற்று. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பூங்கா மூடியது. ஜூலை 15 அன்று திறந்தபோதும் முற்றத்தைச் சுற்றித் தடுப்புகள்தான். ஆண்டு முடிவதற்குள் புதிய நீரூற்றில் மூன்று அக்ரிலிக் தூண்கள் எழுந்தன. அவற்றில் பூங்காவின் பழைய சின்னமும் திரும்பியது. பின்னர் கொடிக்கம்பங்கள் வந்தன. வாசலில் ஒலிப்பதற்கு பினார் தோப்ராக் என்ற இசையமைப்பாளர் புதிய இசை அமைத்தார். 2021 அக்டோபர் 1 முதல், வளாகத்தின் 50ஆம் ஆண்டையொட்டிக் கோளத்தின் பலகை முனைகளில் விளக்குகள் எரியத் தொடங்கின.

பழைய ரசிகர்கள் வென்றார்கள் என்றே சொல்ல வேண்டும், முழுமையாக அல்ல. இது 1982இன் நகல் இல்லை. தூண்களின் வடிவம் வேறு, பாத்திகளின் வளைவு வேறு, இரவில் நிறம் மாறும் ஒளி அன்று கிடையாது. பழைய இசைத் தொகுப்பைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் புதிய இசை இன்னும் ஒட்டவில்லை. தகடு வாங்கிய குடும்பங்களில் சிலருக்கு, கோளத்தின் காலடியில் வாங்கிய இடம் வாசலுக்கு வெளியே தள்ளப்பட்ட வருத்தம் தீரவில்லை. ஆனால் கோளத்துக்கும் வருகிறவருக்கும் நடுவே இப்போது நீரும் புல்லும் தவிர வேறெதுவும் மறைத்து நிற்கவில்லை. தகடுகளும் சாம்பல் பாறையிலிருந்து விடுபட்டு, வண்ணமான சட்டங்களில், நுழைவுச் சீட்டு இல்லாமலே பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கின்றன. இரண்டு மாற்றங்களில் இரண்டாவதே சரியானது.

2019இல் எப்காட்டுக்காக டிஸ்னி அறிவித்தவற்றில் பல நடக்கவில்லை. மேரி பாப்பின்ஸ் சவாரி நின்றுபோனது. கோளத்துக்குப் பின்னால் மூன்று தளங்களில் வரவிருந்த விழாக் கூடம் கைவிடப்பட்டு, அதற்குப் பதில் தோட்டமும் வால்ட் டிஸ்னி அமர்ந்திருக்கும் சிலையும் 2023 டிசம்பரிலும், கம்யூனிகோர் ஹால் என்ற சிறிய கூடம் 2024 ஜூனிலும் திறந்தன. கோளத்துக்குள் ஓடும் சவாரியைப் புதுப்பிக்கும் திட்டமும் ஒத்திப்போடப்பட்டது. ஏறக்குறைய வரைந்து காட்டியபடியே கட்டி முடிக்கப்பட்டவற்றுள் ஒன்று முன்முற்றம்.