ஸ்போர்ட்ஸ் காரில் வெளிச்சந்தைத் தொடுதிரை

வெளிச்சந்தைத் தொடுதிரை என்பது, காருடன் ஆலையிலிருந்தே வந்த வானொலி அல்லது வழிகாட்டிக் கருவியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொருத்துவதற்காக வேறு நிறுவனங்கள் தயாரித்து விற்கும், விரலால் தொட்டு இயக்கப்படும் திரைக் கருவியைக் குறிக்கும். பாட்டு, வழிகாட்டி, தொலைபேசி, ரிவர்ஸ் கேமரா ஆகியவற்றை ஒருங்கே தரும் இவ்வகை ஏற்பாட்டை வாகனத் துறையினர் இன்ஃபோடெயின்மென்ட் என்றும், அதன் மூளையாக டேஷ்போர்டில் அமரும் பெட்டியை ஹெட் யூனிட் என்றும் வழங்குவர். எந்தக் காரிலும் செய்யக்கூடிய மாற்றம்தான் இது. ஆயினும் 20 ஆண்டு கடந்த பின்னும் எஞ்சினுக்காகவும் ஓட்டத்துக்காகவும் விரும்பி வாங்கப்படுபவை ஸ்போர்ட்ஸ் கார்கள் என்பதாலும், அவற்றின் திரைகள் அந்தக் காலத்தில் பாதியைக்கூடத் தாங்காமல் பழமையாகிவிடுவதாலும், இந்தத் தேவை அங்கேதான் கூர்மையாக எழுகிறது.

கருவியை மாற்றுவது ஒரு காலத்தில் எளிதாக இருந்ததற்குக் காரணம் டேஷ்போர்டில் இருந்த ஓட்டையின் அளவே ஆகும். ஜெர்மானியத் தரநிலை அமைப்பான டின் வகுத்து, பின்னர் ஐஎஸ்ஓ 7736 என்னும் பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்ட அளவின்படி, வானொலிக்கான இடம் சுமார் 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. உயரம் இருமடங்கானால் அது இரட்டை டின் எனப்படும். இந்த அளவுக்குள் அடங்கும் எந்த நிறுவனத்தின் பெட்டியையும் எந்தக் காரிலும் செருகலாம் என்ற நிலையே பயனியர், ஆல்பைன், கென்வுட், சோனி போன்ற நிறுவனங்களின் சந்தையைப் பெரிதாக்கியது. பின்னாளில் 2014-இல் ஆப்பிள் கார்ப்ளேயும், 2015-இல் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் பயன்பாட்டுக்கு வந்து, கைபேசியின் வரைபடத்தையும் பாடலையும் காரின் திரையில் காட்டத் தொடங்கியதும், பழைய காரின் உரிமையாளருக்குத் திரையை மாற்றுவதற்கு வலுவான காரணம் கிடைத்தது.

ஆனால் அதற்குள் ஹெட் யூனிட் தனிப் பெட்டியாக இருப்பதை விட்டு, காரின் மின்னணு வலையமைப்பில் ஓர் உறுப்பாக மாறிவிட்டிருந்தது. இதைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு 2004-இல் வெளிவந்த போர்ஷே 911 காரின் 997 வகையாகும். இதன் முதற்கட்டக் கார்களில் இருந்த பிசிஎம் எனப்படும் போர்ஷே தகவல் தொடர்புக் கருவிக்குத் தொடுதிரை கிடையாது. பொத்தான்களும் திருகு குமிழ்களும்தான். 2009 மாதிரியாண்டில் வந்த அடுத்த தலைமுறைக் கருவியில்தான் 6.5 அங்குலத் தொடுதிரை இடம்பெற்றது. முதற்கட்டக் கருவியின் சட்டத்தை நெம்பி எடுத்து, திருகுகளைக் கழற்றி, பெட்டியை முன்னே இழுத்தால், பின்புறத்தில் வழக்கமான கப்ளர்களோடு மெல்லிய இரண்டு ஒளியிழைகளும் வருவதைக் காணலாம்.

மோஸ்ட் எனப்படும் வலையமைப்பின் இழைகள் அவை. ஒலியையும் கட்டளைகளையும் செம்புக் கம்பியில் மின்சாரமாக அனுப்பாமல், பிளாஸ்டிக் இழையில் சிவப்பு ஒளியாக அனுப்பும் இம்முறை, 2001-இல் பிஎம்டபிள்யூ 7 வரிசைக் காரில் பெரிய அளவில் அறிமுகமானது. இதில் கருவிகள் அனைத்தும் ஒரு வளையமாகக் கோக்கப்பட்டிருக்கும். ஹெட் யூனிட்டிலிருந்து கிளம்பும் ஒளி ஒவ்வொரு கருவியாகக் கடந்து மீண்டும் ஹெட் யூனிட்டுக்கே வந்து சேரும். எனவே ஒரு கண்ணியைக் கழற்றினாலும் வளையம் அறுந்து, போஸ் ஒலி அமைப்பு கொண்ட காரில் ஆம்ப்ளிஃபயர் முழுதும் ஊமையாகிவிடும். துணைக் கருவி ஒன்றை நீக்கினால், இழைகளின் இரு முனைகளையும் இணைக்கும் சிறு மூடியைச் செருகி வளையத்தை ஒட்டவைத்துவிடலாம். ஹெட் யூனிட்டையே நீக்கும்போது அது போதாது. வளையத்துக்குத் தாளம் கொடுப்பதே அதுதான் என்பதால், அந்த வேடத்தைத் தாங்கி ஆம்ப்ளிஃபயரை எழுப்பும் இடைமுகப் பெட்டி ஒன்று தேவைப்படும். திரையின் விலையை மட்டும் கணக்கிட்டு வருபவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுவே. இழையைக் கையாள்வதிலும் கவனம் வேண்டும்: 25 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக மடித்தால் ஒளி கசிந்து, பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும்.

ஒலி மட்டுமல்ல, வேறு சிலவும் பழைய பெட்டியோடு போய்விடும். ஸ்போர்ட் குரோனோ தொகுப்பு வாங்கிய 997 காரில், டேஷ்போர்டின் மேல் நிற்கும் நிறுத்துக் கடிகாரம் அளக்கும் சுற்று நேரங்களைச் சேமித்து வரிசையாகக் காட்டுவது பிசிஎம் திரைதான். விளக்கு, துடைப்பான் முதலியவற்றை ஓட்டுநர் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் பட்டியலும் அதிலேயே உண்டு. புதிய திரைக்கு இவை தெரியாது. கடிகாரம் முன்போலவே ஓடும், கணக்குப் புத்தகம்தான் இருக்காது.

மின் இணைப்பு ஒப்பீட்டளவில் எளியது. வெளிச்சந்தைக் கருவிகளின் வழக்கத்தில் மஞ்சள் கம்பி பேட்டரியிலிருந்து எப்போதும் மின்சாரம் பெறும். சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் பெறும். கறுப்பு பூமி இணைப்பு. சிவப்பைத் தவறாக மஞ்சளோடு சேர்த்துவிட்டாலோ, இடைமுகப் பெட்டி வளையத்தைத் தூங்கவிடாமல் வைத்திருந்தாலோ, நிறுத்திய காரிலும் மின்சாரம் கசியும். 60 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றிலிருந்து 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் அது முழுதும் வடிய 50 நாளாகும். 500 மில்லி ஆம்பியர் கசிந்தால் 5 நாளே போதும், ஸ்டார்ட் ஆகாமல் போவதோ அதற்கும் முன்னரே. வாரக்கணக்கில் கொட்டகையில் நிற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கு இது சிறிய குறையன்று. ஹேண்ட்பிரேக் கம்பியை ஏமாற்றி இணைத்து, ஓடும்போதே படம் ஓட விடும் வழக்கமும் உண்டு. வேகத்துக்கென்றே கட்டப்பட்ட காரில் அதைவிட மடத்தனம் வேறில்லை. கூரை திறக்கும் கார்களில் நேர்வெயில் பட்டுத் திரை வெளிறிப்போவதால், அளவைவிட வெளிச்சத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே பயன் தரும்.

இத்தேவையை உற்பத்தியாளர்களும் கண்டுகொண்டனர். போர்ஷேயின் பழைய கார்களுக்கான பிரிவு 2020-இல் இரண்டு கருவிகளை வெளியிட்டது. 1960-களின் முதல் 911 தொடங்கி, 1990-களில் வந்த கடைசிக் காற்றுக் குளிர்ப்பு 911 வரையிலான கார்களுக்கு, ஒற்றை டின் இடத்தில் அடங்கும் 3.5 அங்குலத் திரைக் கருவி ஒன்று. 996 வகை 911-க்கும் 986 வகை பாக்ஸ்டருக்கும் 7 அங்குலத் திரைக் கருவி மற்றொன்று. இரண்டாவதில், காரில் ஏற்கெனவே உள்ள ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், ஆண்டெனா ஆகியவற்றை அப்படியே பயன்படுத்திக்கொள்ள வழி செய்யப்பட்டிருந்ததால், மேலே கூறிய சிக்கலின் பெரும்பகுதி வாங்குபவர் தலையில் விழவில்லை. பொத்தான்களின் வடிவமும் டேஷ்போர்டின் காலத்தோடு ஒத்துப்போகிறது. பிற நிறுவனங்களின் பளபளப்பான திரைகளுக்கு எளிதில் கைவராத நயம் அது.

ஆலைக் கருவி அப்படியே உள்ள காரையே சேகரிப்பாளர்கள் விரும்புவதால், அறிந்த பொருத்துநர்கள் மூலக் கம்பிகளை வெட்டாமல், இருபுறமும் செருகும் இடைக் கப்ளர் வைத்தே வேலை செய்வர். கழற்றிய பெட்டி துணியில் சுற்றி எடுத்து வைக்கப்படும். அதோடு குறியீட்டு அட்டையையும் சேர்த்து வைப்பது அவசியம்; திருட்டுத் தடுப்புப் பூட்டுள்ள அக்காலக் கருவிகள், மின்சாரம் துண்டிக்கப்பட்டு மீண்டும் காரில் ஏறும்போது அந்த எண்ணைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கும்.