கட்சிகள் மேல கோபமா? நோட்டாவைத் தாண்டி என்ன வழி இருக்கு?

“யார் வந்தாலும் நம்ம கதை இதுதான்.” பண்ருட்டி பலா மண்டியில் இருந்து நெய்வேலி சுரங்கத்தை ஒட்டிய கிராமங்கள் வரை, தேர்தல் வந்தாலே காதில் விழும் பேச்சு இது. சரி, அந்தக் கோபத்தை எங்கே காட்டுவது?

உடனே ஞாபகத்துக்கு வருவது நோட்டா. 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால் வந்தது. அதற்கு முன்பு 49-ஓ. வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லிப் பதிவு செய்யணும், ரகசியம் போயிடும். ஆனால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் நோட்டாவே முதலிடம் பிடித்தாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் எம்.எல்.ஏ., எம்.பி. உங்களுக்கு என்ன கோபம் என்பதும் அதில் பதிவாகாது.

1996-ல் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி விவசாயிகள் வேறு ரூட் பிடித்தார்கள். எங்கள் பிரச்னையை யாரும் கண்டுக்கல என்று ஆளாளுக்கு வேட்புமனு போட, களத்தில் மொத்தம் 1,033 பேர்! வாக்குச்சீட்டு புத்தகமாகவே அச்சானது, தேர்தலும் தள்ளிப்போனது. ஜெயித்தது என்னவோ திமுகவின் சுப்புலட்சுமி ஜெகதீசன். பல சுயேச்சைகளுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. நாடே திரும்பிப் பார்த்தது நிஜம். ஆனால் அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தல் டெபாசிட் 250 ரூபாயில் இருந்து 5,000 ஆனது (இப்போது 10,000, எஸ்சி, எஸ்டி பிரிவினருக்குப் பாதி). சுயேச்சைக்கு 10 பேர் முன்மொழியணும் என்றும் ஆனது.

2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் இதே டெக்னிக். 178 விவசாயிகள் நின்றார்கள். அவர்களின் முக்கியக் கோரிக்கை மஞ்சள் வாரியம். அப்போதைய முதல்வரின் மகள் கவிதா தோற்றார். வாரியம் கொண்டுவருவேன் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பாஜக வேட்பாளர் ஜெயித்தார். வாரியம் அங்கே திறக்கப்பட்டது 2025 ஜனவரியில்தான்.

தேர்தல் வரை காத்திருக்க முடியாது என்றால், கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு தடவை. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம். பண்ருட்டி நகராட்சிக்காரர்களுக்கு இதேபோல பகுதி சபை உண்டு, தமிழகத்தில் 2022 நவம்பர் 1-ல் தொடங்கியது.

தீர்மானம் போட்டதுமே அரசு பணிந்துவிடாது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள், 2024 மக்களவைத் தேர்தலையும் புறக்கணித்தார்கள். திட்டம் கைவிடப்படவில்லை. ஆனால் டீக்கடைப் பேச்சு போல தீர்மானம் காற்றில் போகாது. வாயால் சொல்லிவிட்டு வந்துடாதீங்க, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, வாசிக்கக் கேட்டு, அப்புறம் கையெழுத்துப் போடுங்க. நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போடலாம்.